எழுத்து வைக்காத துணைவருக்கு வேலையிடத்து மருத்துவக் காப்புறுதி கிடைக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கேள்விகள் எல்லாம் யாழ்ப்பாணத்தில் தனியார் நிறுவனங்களிலும் என்ஜிஓக்களிலும் வேலை செய்கிறவர்கள் கேட்பவை. கேட்கிறவர்கள் மூன்று விதம்: தாலி கட்டியும் எழுத்து வைக்காதவர்கள் (அதாவது கலியாணத்தைப் பதிவு செய்யாதவர்கள்), கலியாணம் செய்யாமலே சேர்ந்து வாழ்கிறவர்கள், தன்பாலினத் துணைவரோடு வாழ்கிறவர்கள். தங்களை ஒரே வரிசையில் வைத்துப் பேசுவது மூன்று தரப்புக்கும் பிடிக்காது, அது தெரியும். ஆனால் காப்புறுதிப் படிவத்தில் ‘விவாகச் சான்றிதழின் பிரதியை இணைக்கவும்’ என்று ஒரு வரி இருக்கிறதே, அந்த வரிக்கு முன்னால் மூவர் நிலையும் ஒன்றுதான். நான் ஒரு அலுவலகத்தில் ஊழியர் கோப்புகளையும் காப்புறுதிப் பட்டியலையும் பார்க்கிறவன், சட்டத்தரணி இல்லை. கோடு கச்சேரி வரை போகிற விஷயம் என்றால் அதற்குரிய ஆளிடம் போங்கள்.

என் துணைவருக்கு மருத்துவக் காப்புறுதி தரவேண்டும் என்று இலங்கையில் சட்டம் இருக்கிறதா?

இல்லை. தாலி கட்டி எழுத்து வைத்த மனைவிக்குத் தரவேண்டும் என்றுகூடச் சட்டம் இல்லை, உங்களுக்கே தரவேண்டும் என்றும் இல்லை. தனியார் துறை முதலாளி கட்டாயம் செய்யவேண்டியவை வேறு: ஊழியர் சேமலாப நிதிக்கு அவர் பங்கு 12 சதவீதம், உங்கள் பங்கு 8 சதவீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு அவர் மட்டும் 3 சதவீதம், 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை, பிள்ளைப்பேற்றுக்கு 84 நாள் விடுமுறை. அந்தப் பிள்ளைப்பேற்று விடுமுறைக்குக் கலியாணம் முடித்திருக்கவேண்டும் என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை, அதையும் போகிற போக்கில் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் விவாகச் சான்றிதழ் கேட்கிற அலுவலகங்கள் இருக்கின்றன.

மருத்துவக் காப்புறுதி இந்தப் பட்டியலுக்குள் வராததற்குக் காரணம் சுலபம். இந்த நாட்டில் அரச வைத்தியசாலை இலவசம். யாழ் போதனா வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குப் போனால் யாரும் உங்களிடம் பில் நீட்டுவதில்லை, நீங்கள் யாரோடு வாழ்கிறீர்கள் என்றும் கேட்பதில்லை. நிறுவனம் தருகிற காப்புறுதி என்பது தனியார் ஆஸ்பத்திரி அறை, வெளிநோயாளர் செலவு, மூக்குக்கண்ணாடி, பல் இந்த மாதிரிச் செலவுகளுக்கு. அது சலுகை, உரிமை இல்லை. ஆகவே இதில் எல்லாமே ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

அப்படியென்றால் யார் தீர்மானிப்பது? எச்.ஆரை (ஊழியர் விவகாரம் பார்க்கிறவரை) கேட்டால் ‘கம்பனி விதி’ என்கிறார், காப்புறுதிக்காரரைக் கேட்டால் ‘உங்கள் கம்பனியைக் கேளுங்கள்’ என்கிறார்.

இரண்டு பேரும் அரை உண்மை சொல்கிறார்கள். குழுக் காப்புறுதி என்பது உங்கள் நிறுவனமும் காப்புறுதி நிறுவனமும் செய்துகொள்ளும் ஒரே ஒப்பந்தம், நீங்கள் அதில் கையெழுத்துப் போடுகிற ஆளே இல்லை. பெரும்பாலும் வருடத்துக்கு ஒருமுறை அது புதுப்பிக்கப்படும். அதில் ‘தங்கி வாழ்வோர்’ யார் என்று ஒரு வரைவிலக்கணம் இருக்கும், வழக்கமாக ‘சட்டபூர்வமான வாழ்க்கைத்துணையும் குறித்த வயதுக்குக் குறைந்த திருமணமாகாத பிள்ளைகளும்’ என்று. பெரும்பாலான நிறுவனங்கள் இதை யோசித்து எழுதுவதில்லை. காப்புறுதி நிறுவனம் தருகிற அச்சுப்பிரதி அப்படியே வரும், முகாமையாளர் தொகையை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைப்பார்.

இந்த வரைவிலக்கணத்தை மாற்றலாம். நிறுவனம் கேட்டால், காப்புறுதி நிறுவனம் ஒத்துக்கொண்டால், ஒரு மேலொப்பம் (ஒப்பந்தத்தோடு சேர்க்கிற திருத்தக் குறிப்பு) போட்டு ‘ஊழியர் எழுத்தில் பெயர் குறிப்பிடும் துணைவர்’ என்று சேர்த்துவிடலாம். அதைத் தடுக்கிற சட்டம் இலங்கையில் இல்லை. சந்தா தலைக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுவதால் கூடுதலாக ஒரு தலைக்குக் காசு வரும், காப்புறுதிக்காரருக்கு அதில் நட்டமும் இல்லை. மறுக்கிறார்கள் என்றால் பெரும்பாலும் பழக்கமின்மைதான் காரணம். உள்ளூர்க் கிளையில் இருக்கிறவருக்கு இதைத் தீர்மானிக்கும் அதிகாரம் கிடையாது, கொழும்புத் தலைமையகத்தின் குழுக் காப்புறுதிப் பிரிவுக்குப் போகவேண்டும். கிளையில் ‘ஏலாது’ என்று வாயால் சொன்னதோடு விட்டுவிடாதீர்கள்.

நேரமும் முக்கியம். வருட நடுவில் கேட்டால் ‘அடுத்த வருடம் பார்ப்போம்’ என்பார்கள், அடுத்த வருடம் யாருக்கும் நினைவிருக்காது. புதுப்பிக்கிற திகதிக்கு இரண்டு மூன்று மாதம் முன்னால் கேளுங்கள், அப்போதுதான் நிறுவனத்தின் கை ஓங்கியிருக்கும்.

எங்களுக்குக் கோயிலில் தாலி கட்டிக் கலியாணம் நடந்தது, எழுத்து மட்டும் வைக்கவில்லை. நாங்கள் புருசன் பெண்சாதி இல்லையா?

சட்டப்படி ஆமாம் என்று சொல்வதற்கு நல்ல இடம் இருக்கிறது. இலங்கையில் 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் பதிவுக்கு வழி செய்கிறதே தவிர, வழக்காற்றுப்படி சடங்கோடு நடந்த கலியாணம் பதிவு இல்லை என்பதற்காக மட்டும் செல்லாது என்று ஆகிவிடாது. நீண்டகாலம் கணவன் மனைவியாக வாழ்ந்து, ஊரும் உறவும் அப்படியே ஏற்றுக்கொண்டிருந்தால், திருமணம் நடந்திருக்கிறது என்று அனுமானிக்கிற வழக்கமும் நீதிமன்றங்களில் உண்டு. ஆனால் அது நீதிமன்றத்தில். காப்புறுதி அலுவலகக் கவுண்டரில் இருக்கிற தங்கச்சிக்குக் கூறைச்சீலைப் படமும் கலியாணக் கார்டும் ஆதாரம் இல்லை, அவரிடம் இருக்கிற பட்டியலில் சான்றிதழ் என்றுதான் போட்டிருக்கிறது.

போர்க்காலத்தில் இப்படி நடந்த கலியாணங்கள் எத்தனை! வன்னியில் இடம்பெயர்வுக்கு நடுவில் தாலி கட்டினவர்கள், பதிவாளர் இல்லாத இடத்தில் கட்டினவர்கள், பதிவு செய்தும் பத்திரம் எல்லாம் முள்ளிவாய்க்காலோடு போனவர்கள். கடைசி வகைக்காரருக்குப் பிரச்சினை இல்லை, பதிவு நடந்த பிரிவின் பிரதேச செயலகத்தில் கேட்டால் பிரதி எடுக்கலாம். எழுத்தே வைக்காதவர்கள் இப்போதும் வைக்கலாம். இரண்டு பேரும் உயிரோடு, சம்மதத்தோடு, வேறு கலியாணத்தில் கட்டுப்படாமல் இருந்தால் இருபது வருடம் கழித்துப் பதிவாளரிடம் போவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பேரப்பிள்ளை பார்த்தபிறகு எழுத்து வைத்தவர்களும் இருக்கிறார்கள். உங்கள் நிலையில் இருக்கிறவருக்கு நிறுவனத்தோடு மல்லுக்கட்டுவதைவிட அதுதான் சுருக்கு வழி. கிளெய்முக்கு மட்டும் இல்லை, காணி, ஓய்வூதியம், வெளிநாட்டு ஸ்பொன்சர் எல்லாவற்றுக்கும் உதவும்.

அதுவரைக்கும் இடைவழி ஒன்று: சமாதான நீதவான் முன் இருவரும் கொடுத்த சத்தியக்கடதாசியும், ஒரே முகவரியில் வசிப்பதற்கு விதானையார் (கிராம அலுவலர்) தரும் கடிதமும் சேர்த்துக் கொடுத்து, நிறுவனம் ஏற்றுக்கொண்டு பட்டியலில் பெயரைப் போட்டால் போதும் என்று காப்புறுதிக்காரரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் பிரிந்து வாழ்கிறேன், விவாகரத்து இன்னும் முடியவில்லை. இப்போது ஒருவரோடு வாழ்கிறேன். அவரைச் சேர்க்கலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் யாழ்ப்பாணத்தில் நினைப்பதைவிட அதிகம், மெதுவாகத்தான் கேட்பார்கள். இங்கே விவாகரத்துக்குப் பிறர்மனைத் தொடர்பு, தீயநோக்கோடு கைவிட்டுப் போதல், திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக்குறைவு இந்த மூன்றில் ஒன்றை மாவட்ட நீதிமன்றத்தில் நிரூபிக்கவேண்டும். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டாலே போதும் என்ற வழி சட்டத்தில் கிடையாது. கணவர் பாரிசிலோ ரொறன்ரோவிலோ இருந்தால் அழைப்பாணை அனுப்புவதிலேயே காலம் போய்விடும்.

முதல் கலியாணம் சட்டத்தில் உயிரோடு இருக்கும்வரை, சேர்ந்து வாழ்வதை வைத்து இரண்டாவது திருமணத்தை அனுமானிக்க வழியில்லை. ஆகவே படிவத்தில் புதியவரை ‘மனைவி’ அல்லது ‘கணவர்’ என்று எழுதவே எழுதாதீர்கள். அது பொய்த் தகவல், கிளெய்ம் நேரத்தில் கண்டுபிடித்தால் கொடுத்த காசையும் திருப்பிக் கேட்பார்கள். ‘பெயர் குறிப்பிடப்பட்டவர்’ என்ற இடம் ஒப்பந்தத்தில் இருந்தால் அங்கே எழுதுங்கள், இல்லையென்றால் அந்த இடத்தை உண்டாக்கச் சொல்லிக் கேளுங்கள். பழைய துணைவர் பட்டியலில் இன்னும் இருக்கிறாரா என்றும் பாருங்கள். பலர் மறந்துவிடுகிறார்கள்.

என் துணைவரும் நானும் ஆண்கள். இதைக் கேட்பதே குற்றம் ஆகிவிடாதா?

கேட்பது குற்றம் இல்லை. தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் தண்டிப்பது பாலியல் செயல்களை. ஒருவரோடு ஒரே வீட்டில் இருப்பதையோ, அவரை நேசிப்பதையோ, அவர் பெயரைக் காப்புறுதிப் படிவத்தில் எழுதுவதையோ அவை குற்றமாக்கவில்லை. 1883இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த கோவை அது. 1995இல் திருத்தியபோது 365அ பெண்களுக்கும் பொருந்தும்படி ஆக்கினார்கள், அதாவது நூறு வருடம் கழித்து வலையை இன்னும் அகலமாக்கினார்கள். 365அ பிரிவுக்கு இரண்டு வருடம் வரை சிறை என்று இருக்கிறது.

நிலைமை கொஞ்சம் அசைந்திருக்கிறது. 2022இல் பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிப்பதற்கான ஐநா குழு, ரொசானா ஃபிளேமர்-கல்தேரா கொடுத்த முறைப்பாட்டில், பெண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்குவது சமவாயத்துக்கு முரண் என்று இலங்கைக்கு எதிராக முடிவு சொன்னது. 2023இல் பிரேம்நாத் சி. தொலவத்த என்ற பாராளுமன்ற உறுப்பினர் இந்தப் பிரிவுகளைத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் கொண்டுவந்தார், அது அரசியலமைப்புக்கு முரண் இல்லை என்று உயர் நீதிமன்றம் அதே வருடம் மே மாதம் தீர்மானித்தது. ஆனால் நிறைவேறுவதற்குள் 2024இல் பாராளுமன்றம் கலைந்தது, சட்டமூலமும் அதோடு போயிற்று. ஆகவே பழைய பிரிவுகள் புத்தகத்தில் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டுதான் நடக்கவேண்டும். தன்பாலினத் திருமணத்துக்கோ பதிவுசெய்த துணைமைக்கோ இங்கே சட்ட வடிவம் எதுவும் இல்லை.

சட்டத்தைவிட உங்களுக்கு முன்னால் நிற்கிற பயம் வேறு, அது அடுத்த கேள்வி.

அலுவலகத்தில் சொன்னால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடுமே?

தெரிந்துவிடலாம். பொய்யாக ஆறுதல் சொல்ல எனக்கு விருப்பமில்லை. படிவம் போகிற பாதையைப் பாருங்கள்: முதலில் எச்.ஆரில் இருக்கிறவர், பிறகு கணக்குப் பிரிவு, தரகர் இருந்தால் அவர், காப்புறுதி நிறுவனம், கடைசியில் ஆஸ்பத்திரிக் காசாளர் மேசை. இந்த ஐந்து இடத்திலும் உங்கள் மாமியின் ஒன்றுவிட்ட சகோதரியின் பிள்ளை யாராவது இருக்கிற ஊர் இது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பாலியல் நாட்டம் பற்றிய தகவலை விசேட வகைத் தரவு என்று சொல்கிறது, நல்ல சட்டம். ஆனால் நடைமுறைக்கு வரும் திகதியையே தள்ளிப்போட்ட சட்டம் அது. தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நடக்கிற கதையை எந்தச் சட்டமும் நிறுத்தாது.

இதனால்தான் ‘தன்பாலினத் துணைவர்’ என்று படிவத்தில் தனிப்பெட்டி போடுவதற்கு நான் எதிர். நல்ல மனதோடு சில நிறுவனங்கள் அப்படிப் போடுகின்றன, கொழும்பிலோ வெளிநாட்டுத் தலைமையகத்திலோ யாரோ அழகான கொள்கை எழுதி அனுப்புகிறார்கள். யாழ்ப்பாணக் கிளையில் அந்தப் பெட்டியில் யார் அடையாளம் போடுவார்கள்? யாரும் போடாததைப் பார்த்துவிட்டு ‘இங்கே அப்படியானவர்கள் இல்லை’ என்று அறிக்கை எழுதுவார்கள். யாழ்ப்பாண வீதியில் பிரைட் நடைபவனி, அதாவது தன்பாலினத்தவரும் திருநர்களும் பெருமிதத்தோடு போகிற ஊர்வலம், போயிருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள். அலுவலகப் படிவத்தில் இல்லை, அவ்வளவுதான்.

வேலை செய்கிற வழி இது: ஒவ்வொரு ஊழியரும் தன்னோடு ஒரே வீட்டில் வாழ்கிற, வயதுவந்த ஒருவரைப் பெயர் குறிப்பிடலாம். உறவு என்ன என்று கேட்கவே கூடாது. ஒருவர் மனைவியை எழுதுவார், ஒருவர் எழுத்து வைக்காத கணவரை, ஒருவர் விதவையான அம்மாவை, கலியாணம் கட்டாத அக்காவை, ஒருவர் தன் துணைவரை. பட்டியலைப் பார்க்கிறவருக்குப் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் பிறந்த திகதியும் மட்டும் தெரியும். ‘எங்களோடு படித்த பெடியன், அறை எடுத்து ஒன்றாக இருக்கிறோம்’ என்றால் இந்த ஊரில் யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. யாழ்ப்பாணத்து மௌனம் எத்தனையோ பேரை வதைத்திருக்கிறது, இந்த ஒரு இடத்தில் உதவட்டுமே.

இப்படி ஒரு முறை எங்கேயாவது நடைமுறையில் இருந்ததா?

இருந்தது, அதுவும் கத்தோலிக்கத் திருச்சபைக்குள். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரசபை 1996இல் ஒரு கட்டளை நிறைவேற்றியது: நகரத்தோடு ஒப்பந்தம் செய்கிற நிறுவனம் ஊழியரின் மனைவி கணவருக்குத் தருகிற சலுகையைத் திருமணமாகாத துணைவருக்கும் தரவேண்டும். கத்தோலிக்கத் தொண்டு அமைப்பு நகரத்தின் பணத்தில் பெரிய சேவைகள் நடத்திக்கொண்டிருந்தது. பேராயர் வில்லியம் லெவாடா தன்பாலின உறவை அங்கீகரிக்கவும் மாட்டார், ஏழைகளுக்கான காசை இழக்கவும் விருப்பமில்லை. 1997இல் வந்த சமரசம்: ஊழியர் தன் வீட்டில் சட்டப்படி வசிக்கும் ஒருவரை, அது யாராக இருந்தாலும், சலுகைக்குப் பெயர் குறிப்பிடலாம். அம்மா, சகோதரி, துணைவர், யாரும். பேராயருக்கு மனச்சாட்சியும் போகவில்லை, ஊழியருக்குக் காப்புறுதியும் வந்தது. சபை நிருவாகம் செய்கிற பாடசாலைகளும் ஆஸ்பத்திரிகளும் யாழ்ப்பாணத்திலும் உண்டு என்பதால் இதைச் சொல்லிவைக்கிறேன்.

மற்றபடி திருமணமாகாத துணைவருக்கான சலுகையின் தொடக்கம் நியூயோர்க்கின் வில்லேஜ் வொய்ஸ் பத்திரிகை, 1982இல். தொழிற்சங்கம் பேரம் பேசி வாங்கியது, முதலாளி மனமிரங்கித் தந்ததில்லை. 1984இல் பேர்க்லி நகரசபை, 1991இல் லோட்டஸ் என்ற மென்பொருள் நிறுவனம், பிறகு வரிசையாகப் பலர். 2015 ஜூனில் அமெரிக்கா முழுக்கத் தன்பாலினத் திருமணம் சட்டமானபோது சில நிறுவனங்கள் ‘இனி கலியாணம் செய்யலாம்தானே’ என்று சொல்லித் திருமணமாகாத துணைவருக்கான சலுகையை நிறுத்தியதும் நடந்தது.

நான் அரசாங்க வேலை. அக்ரஹார காப்புறுதியில் சேர்க்க முடியுமா?

முடியாது. அக்ரஹார திட்டத்தைத் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்துகிறது, அதில் யார் வருவார்கள் என்பது திட்ட விதியில் இருக்கிறது: உத்தியோகத்தர், சட்டபூர்வத் துணைவர், பிள்ளைகள், மணமாகாதவருக்குப் பெற்றோர். உங்கள் திணைக்களத் தலைவரிடம் கெஞ்சிப் பயனில்லை, அவர் கையில் ஒன்றும் இல்லை. எழுத்து வைக்காத தம்பதி என்றால் எழுத்து வையுங்கள். மற்றவர்கள் துணைவரின் பெயரிலேயே தனியாக ஒரு மருத்துவக் காப்புறுதி எடுப்பதுதான் வழி, இளவயதில் எடுத்தால் சந்தா குறைவு.

வீட்டிலிருந்து வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை செய்கிறேன். அவர்களின் கையேட்டில் ‘எல்லாத் துணைவருக்கும் சம சலுகை’ என்று இருக்கிறது.

கையேடு அமெரிக்காவில் எழுதப்பட்டது, உங்கள் காப்புறுதி இலங்கையில் வாங்கப்பட்டது. இரண்டுக்கும் நடுவில் கடல். முதலில் உங்கள் வேலை ஒப்பந்தம் யாரோடு என்று பாருங்கள். இலங்கையில் பதிவான கிளையோடு என்றால் இங்கே வாங்கிய குழுக் காப்புறுதியின் வரைவிலக்கணம்தான் செல்லும். நேரடியாக வெளிநாட்டோடு ஒப்பந்தக்காரராக இருந்தால் பெரும்பாலும் காப்புறுதியே இருக்காது, காசாகத் தருவார்கள். இருந்தாலும் அந்தக் கையேட்டு வரி வெறும் அலங்காரம் இல்லை, அதைக் காட்டித் தலைமையகத்தில் கேட்டால் ‘உள்ளூர்க் காப்புறுதி இடம் தராவிட்டால் அதற்குச் சமமான தொகையைத் தாருங்கள்’ என்று வாதாடலாம். வெளிநாட்டு நிறுவனத்தோடு இந்த வாதம் உள்ளூர் முதலாளியோடு பேசுவதைவிட லேசாக எடுபடும்.

அமெரிக்காவில் வேலை செய்கிற உறவினர் ‘எனக்கு இதற்கு வரி வெட்டுகிறார்கள்’ என்று சொன்னால் ஆச்சரியப்படாதீர்கள். அங்கே திருமணமாகாத துணைவருக்கு நிறுவனம் கட்டும் சந்தாவை, அவர் வரிச்சட்டப்படி தங்கி வாழ்பவராக இல்லாவிட்டால், ஊழியரின் வருமானமாகக் கணக்கிட்டு மத்திய அரசு வரி அறவிடும்.

கனடாவில் என் அண்ணா கலியாணம் செய்யாமலே தன் பார்ட்னரைக் கம்பனிக் காப்புறுதியில் போட்டிருக்கிறார். அங்கே எப்படி?

அங்கே ஒரு வருடம் தம்பதியாகச் சேர்ந்து வாழ்ந்தால் வரிக்கும் குடிவரவுக்கும் ‘பொதுச்சட்டத் துணைவர்’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். 1999இல் கனடா உச்ச நீதிமன்றம் ஒன்ராறியோவின் குடும்பச் சட்டத்திலிருந்து தன்பாலினத் துணைவரை விலக்குவது பிழை என்றது, அடுத்த வருடம் மத்திய அரசு 68 சட்டங்களை ஒரே மூச்சில் திருத்தி எல்லாப் பொதுச்சட்டத் துணைவருக்கும் ஒரே நிலையைக் கொடுத்தது. திருமண உரிமை அதற்குப் பிறகுதான், 2005இல். ஆஸ்பத்திரிச் செலவை மாகாணமே ஏற்பதால் கம்பனிக் காப்புறுதி மருந்து, பல், கண்ணாடிக்குத்தான் அங்கேயும். ஸ்காபரோவில் இருக்கிற சித்தப்பா சேர்ந்து வாழ்வதைப் பற்றி இங்கே வந்து என்ன உபதேசம் செய்தாலும், அவருடைய அலுவலகப் படிவத்தில் அந்தப் பெட்டி இருக்கிறது.

இந்தியாவில்?

தன்பாலின உறவு 2018 செப்டெம்பரில் குற்றம் இல்லாமல் ஆனது. திருமண உரிமையை 2023 ஒக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆனால் நிறுவனங்கள் சட்டத்துக்குக் காத்திருக்கவில்லை, டாடா ஸ்டீல் 2019இலேயே தன்பாலினத் துணைவரைச் சலுகைகளுக்குள் கொண்டுவந்தது. 2025இல் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழி இல்லை என்று ஒரு தீர்ப்பில் சொன்னது. சட்டம் திருமணத்தைத் தராத நாட்டிலும் நிறுவனம் தன் ஒப்பந்தத்தில் இடம் கொடுக்கலாம் என்பதற்கு அடுத்த வீட்டு உதாரணம் இது.

பிள்ளைகள்?

பிள்ளைக்குப் பெற்றோரின் கலியாணம் தேவையில்லை. பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயர் தாயாகவோ தகப்பனாகவோ இருந்தால் போதும், சேர்க்க மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். துணைவரின் முதல் கலியாணத்துப் பிள்ளை என்றால் சிக்கல், அது வரைவிலக்கணத்தில் தனியாக இருக்கவேண்டும்.

நான் திருநங்கை. காப்புறுதி அட்டையில் ஒரு பெயர், நான் வேறு பெயர்.

2016இலிருந்து சுகாதார அமைச்சின் சுற்றறிக்கைப்படி பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் எடுக்கலாம், மனநல மருத்துவர் வழியாக. அதை வைத்துப் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் மாற்றலாம். காப்புறுதிப் பட்டியலில் இருக்கிற பெயரும் ஆஸ்பத்திரியில் காட்டுகிற அடையாள அட்டையும் ஒன்றாக இருப்பதுதான் முக்கியம். அட்டை மாறிய வாரமே எச்.ஆரில் மாற்றச் சொல்லுங்கள்.

நான் முதலாளி. செலவு கூடும், யாராவது நோயாளியான நண்பனைத் துணைவர் என்று சேர்த்துவிடுவார்கள். என்ன செய்வது?

நியாயமான கேள்வி, இதைக் கேட்கிற முதலாளியை நான் மதிக்கிறேன், ஏனென்றால் மற்றவர்கள் கேட்காமலே இல்லை என்கிறார்கள். நோய் வந்தபிறகு ஆளைச் சேர்ப்பதைத் தடுக்கக் காப்புறுதித் தொழிலில் பழைய வழிகள் உண்டு. புதுப்பிக்கும் காலத்தில் மட்டும் பெயர் சேர்க்கலாம், ஒரு வருடத்துக்குள் ஆளை மாற்ற முடியாது, ஆறு மாதம் ஒரே முகவரியில் வசித்த ஆதாரம், ஏற்கெனவே இருக்கிற நோய்க்குக் காத்திருப்புக் காலம். இதெல்லாம் எழுத்து வைத்த தம்பதிக்கும் ஒரேமாதிரிப் போடுங்கள். மனைவிக்குச் சான்றிதழ்கூடக் கேட்காமல் சேர்த்துவிட்டு, சேர்ந்து வாழ்கிறவரிடம் மூன்று வருட மின்சாரப் பில் கேட்பது கெட்டித்தனம் இல்லை.

செலவைப் பொறுத்தவரை, மணமானவருக்கு இரண்டு தலைக்குச் சந்தா கட்டுகிறீர்கள், மணமாகாதவருக்கு ஒன்றுக்கு. ஒரே வேலை, ஒரே பதவி, ஒருவருக்குச் சலுகை இரட்டிப்பு. இன்னொன்று, 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உண்ணாட்டரசிறைச் சட்டம் மருத்துவக் காப்புறுதிச் செலவை ஊழியரின் வரிக்குரிய வருமானத்தில் சேர்க்காமல் விடுவது, அந்தச் சலுகை முழுநேர ஊழியர் எல்லாருக்கும் சம நிபந்தனையில் கிடைக்கும்போதுதான். உங்கள் கணக்காளரிடம் அந்த வரியைக் காட்டி அவர் கருத்தைக் கேளுங்கள்.

காப்புறுதி நிறுவனம் கடைசிவரை மறுத்துவிட்டது. வேறு வழி?

நிறுவனமே ஒரு மருத்துவ நிதி வைத்து, பெயர் குறிப்பிட்டவரின் பில்லுக்கு வருடத்தில் இவ்வளவு என்று திருப்பிக் கொடுக்கலாம். முப்பது நாற்பது பேர் வேலை செய்கிற இடத்துக்கு இது காப்புறுதியைவிட லேசு. சில இடங்களில் துணைவருக்குக் கட்டியிருக்கவேண்டிய சந்தாவைப் படியாகக் கொடுக்கிறார்கள், அதற்கு வரி வரும். இரண்டும் இல்லையென்றால் வேறு நிறுவனத்தில் விலை கேளுங்கள், போட்டி இருக்கிற தொழில் அது.

நான் நினைவில்லாமல் கிடந்தால் ஆஸ்பத்திரியில் என் துணைவர் கையெழுத்து வைக்கலாமா?

காப்புறுதி அட்டை இருப்பதால் மட்டும் அந்த அதிகாரம் வராது. நினைவோடு இருக்கிறவர் தன் சிகிச்சைக்குத் தானே கையெழுத்து வைக்கலாம், அங்கே பிரச்சினை இல்லை. நினைவு தப்பினால் ஆஸ்பத்திரி நெருங்கிய உறவினரைத் தேடும், தம்பியோ மச்சானோ வந்து நிற்பார்கள், உங்களோடு பத்து வருடம் வாழ்ந்தவர் வாசலில் நிற்பார். அற்றோணித் தத்துவம் (தனக்காகச் செயற்பட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) எழுதிவைத்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். சாதாரண அற்றோணித் தத்துவம் எழுதிக்கொடுத்தவரின் புத்தி நிதானம் தவறினால் தானும் செயலிழந்துவிடும், தேவைப்படுகிற நேரத்தில் உதவாது. செய்யக்கூடியது சிறியது: அனுமதிக்கும்போது ‘அவசரத்துக்கு அழைக்கவேண்டியவர்’ என்ற இடத்தில் துணைவரின் பெயரும் இலக்கமும் உங்கள் கையெழுத்திலேயே இருக்கட்டும், தொடர்ந்து பார்க்கிற வைத்தியருக்கு அவரை அறிமுகப்படுத்தி வையுங்கள், வீட்டில் நம்பக்கூடிய ஒரு உறவினருக்காவது விஷயத்தைச் சொல்லி வையுங்கள். சிறிய ஊர் என்பதால் முகம் தெரிந்த வைத்தியர் பல நேரம் கைகொடுப்பார்.

நான் இறந்தால் அவருக்கு என்ன கிடைக்கும்?

சேமலாப நிதிக்கும் வங்கிக் கணக்குக்கும் பின்னுரித்தாளியை (உங்களுக்குப் பிறகு அந்தக் காசைப் பெறுகிறவரை) நீங்களே நியமிக்கலாம், அந்தப் படிவத்தை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள், பலருக்கு அது முதல் வேலைக்குச் சேர்ந்த நாளில் அம்மாவின் பெயரோடு எழுதியபடியே கிடக்கிறது. பணிக்கொடை வாரிசுகளுக்குப் போகும், சட்டம் வாரிசு என்று பார்க்கும்போது கலியாணம் செய்யாமல் சேர்ந்து வாழ்கிற துணைவரோ தன்பாலினத் துணைவரோ வரமாட்டார். வீடு, காணி, நகை அவருக்குப் போகவேண்டும் என்றால் மரணசாசனம் எழுதுங்கள்: நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும், அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகள். எழுதாமல் போனால் தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டத்துக்கு) உட்பட்டவரின் சொத்து 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் வரிசைப்படி போகும், அந்த வரிசையில் கலியாணம் செய்யாத துணைவருக்கு இடமே இல்லை.

பிரிந்துவிட்டால்?

எச்.ஆருக்கு ஒரு வரி எழுதிப் பெயரை எடுத்துவிடுங்கள். விவாகரத்துக் கட்டளை எல்லாம் தேவையில்லை, இந்த விஷயத்தில் எழுத்து வைக்காதவருக்குத்தான் வசதி.

எப்படிக் கேட்பது? என் கதையைச் சொல்லாமல் கேட்க முடியுமா?

முடியும். உங்களுக்காகக் கேட்காமல் எல்லாருக்குமாகக் கேளுங்கள். நலன்புரிச் சங்கமோ தொழிற்சங்கமோ இருந்தால் அதன் பெயரில் போகட்டும். கடிதம் இவ்வளவு போதும்: ‘அடுத்த புதுப்பித்தலின்போது, மருத்துவக் காப்புறுதியில் வாழ்க்கைத்துணை என்ற இடத்தில், ஊழியர் எழுத்தில் பெயர் குறிப்பிடும், அவருடன் ஒரே வீட்டில் வசிக்கும், 18 வயதுக்கு மேற்பட்ட ஒருவரைச் சேர்க்கலாம் என மாற்ற முடியுமா என்று காப்புறுதி நிறுவனத்திடம் விசாரித்து அறியத்தரவும். பெற்றோரைப் பராமரிக்கும் மணமாகாத ஊழியர்களுக்கும் இது உதவும்.’ கடைசி வசனத்தை விடாதீர்கள். முகாமையாளருக்கும் கலியாணம் கட்டாத ஒரு அக்கா இருப்பார்.

சேர்த்தார்கள், சந்தாவும் எடுத்தார்கள், கிளெய்ம் போட்டபோது ‘சட்டபூர்வத் துணைவர் இல்லை’ என்று திருப்பிவிட்டார்கள்.

பெயர் பட்டியலில் இருந்து சந்தாவும் எடுத்திருந்தால் உங்கள் பக்கம் பலமானது. முதலில் நிறுவனம் ஊடாகக் காப்புறுதி நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதுங்கள், மேலொப்பத்தின் பிரதியையும் பெயர் இருந்த பட்டியலையும் இணைத்து. அங்கே சரிவராவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் (முறைப்பாடுகளை விசாரிப்பவர்) இருக்கிறார், அதற்கு மேல் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. ஆகவே பட்டியலில் பெயர் ஏறிய அன்றைக்கே அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள், அலுவலக மின்னஞ்சலுக்கு வேண்டாம்.